அச்சில் இல்லாத ஒரு வரி

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பெரியப்பா வைத்திருந்த மளிகைக் கடையில் நின்றேன். எட்டாவது வரை படித்தவன் என்ற கர்வம் தலை கொள்ளாமல் இருந்தது. அந்தத் தெருவில் அதுவே பெரிய படிப்பு.

கடைக்குத் தினமும் பேப்பர் வரும். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் பீடி வாங்க நிற்பார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. நான் உப்புப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். உள்ளதை உள்ளபடி படித்தால் நடையைக் கட்டிவிடுவார்கள். அதனால் என் சரக்கையும் கொஞ்சம் சேர்ப்பேன். கொலைச் செய்தி என்றால் இரண்டு வெட்டு கூடும். புயல் என்றால் இன்னும் நாலு மரம் சாயும். இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

தினமும் முதல் ஆளாக வருபவர் ஒரு கரிக்காரர். கப்பலில் வரும் நிலக்கரியைக் கூடையில் சுமந்து இறக்கும் கூட்டத்தில் ஒருவர். நாற்பது வயதிருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் கண்ணோரம் மை தீட்டியது போலக் கரி நிற்கும். இருமித் துப்பினால் கறுப்பாக விழும். அந்தக் கூட்டத்தை 'கேங்கு' என்பார்கள். அதில் இடம் கிடைப்பது லேசில்லை. அவருக்கு அது அப்பாவின் இடம். மேஸ்திரியிடம் சொல்லி விலகிவிட்டால், அடுத்த கப்பலுக்கு வேறொருவர் அந்தக் கூடையைத் தூக்கிவிடுவார். பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது.

ஒரு நாள் அணுவிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றிப் பேப்பரில் வந்திருந்தது. இதற்குக் கரி வேண்டாம், புகை கிடையாது, நம் நாட்டிலும் அப்படி ஒரு நிலையம் வரலாம், வருகிற ஊரில் தொழில் பெருகும், ரோடு வரும், கடை கண்ணி வரும், நிறையப் பேருக்கு வேலை கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான். கரி வேண்டாம் என்ற இடத்தைப் படித்ததும் கரிக்காரர் பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றுவிட்டார்.

"கரியே வோணாமா? அப்போ எங்க பொயப்பு இன்னா ஆவறது அண்ணாச்சி?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எண்ணூர்க் கடலோரத்தில் யாரோ சர்வே ஆட்கள் சிவப்புக் கொடி கட்டிய முளைக்குச்சிகளை நடுவதாக முந்தின நாள்தான் ஒரு வண்டிக்காரர் சொல்லியிருந்தார். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, படிக்கிற அதே குரலில் சொன்னேன்: "முதல் நிலையம் எண்ணூரில் அமையும். துறைமுகத்தில் கரி சுமப்பவர்களுக்கு அங்கே முதலில் வேலை தரப்படும்."

"அச்சுல கீதா?"

"பின்னே? நானா சொல்லுதேன்?"

பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வந்தால் நல்லதுதானே! எங்கள் கடைக்கு எண்ணூரில் ஒரு கிளை திறப்பது வரை மனக்கோட்டை கட்டிவிட்டேன்.

நாலு நாள் கழித்துக் கரிக்காரர் வெளுத்த வேட்டியில் வந்தார். வேலை நாளில் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"மேஸ்திரியாண்ட சொல்ட்டேன் அண்ணாச்சி, இனிமே கூடை தூக்க மாட்டேன்னு. எல்லாரும் ஓடறதுக்கு முன்னாடி நாம எண்ணூர்ல போய் நின்னுக்கணும்ல? இந்த நெஞ்சு இன்னும் ரெண்டு வருசம் தாங்காது. பொகையில்லாத வேலைன்னா பொயச்சிக்குவேன்."

அடுத்த கப்பல் மறுநாள்தான். அதுவரை அவர் இடம் காலியாகத்தான் இருக்கும். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் ஓடிப்போய் மேஸ்திரியைப் பிடித்திருப்பார். ஆனால் கடை நிறைய ஆட்கள். மானம் போய்விடுமே என்று, "அவசரப்படாதீங்க அண்ணே" என்று மட்டும் முனகினேன்.

அங்கே ஆபீசரிடம் காட்டுவதற்கு அந்தப் பேப்பரைக் கேட்டார். பொட்டலம் மடிக்க வைத்திருந்த கட்டிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். அதை எட்டாக மடித்து மடியில் செருகிக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டு எண்ணூர்ப் பக்கம் நடந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தார். கடையில் வேறு யாருமில்லை. முழங்கால் வரை மணல்.

"நல்ல மன்சன் அண்ணாச்சி அந்த சர்வேக்காரரு. ரெண்டு தபா படிச்சிக் காட்டுனாரு. நீ படிச்ச அந்த வரி மட்டும் அதுல இல்லியாம். குச்சி நட்டதுகூட ரோட்டுக்காம்." பேப்பரை என் முன்னால் வைத்தார். "இதே சேதி இன்னொரு நாள் பேப்பர்லயும் வந்துக்கும், அத்த மாத்திக் குட்த்துட்ட போல. சரியானதாப் பாத்து எடு. நாளைக்கி மறுக்கா போறேன்."

என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் என்னைத் திட்டியிருக்கலாம், கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

"அண்ணே, அது எந்தப் பேப்பர்லயும் இல்ல. நானாச் சொன்னது" என்றேன்.

அவர் அந்தப் பேப்பரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், படிக்கத் தெரிந்தவர் மாதிரி.

"நான் கேட்டேனே அண்ணாச்சி, அச்சுல கீதான்னு."

இறங்கிப் போய்விட்டார். கடையை அப்படியே போட்டுவிட்டு மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன். காலில்கூட விழுந்தேன். இடம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு கரிக்காரரும் அவர் மனைவியும் பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் எஞ்சின் சாம்பல் கொட்டும் மேட்டில் எரியாமல் மிஞ்சிய கரியைப் பொறுக்கிச் சலித்து விற்றார்கள். கரித்தூசியை விடச் சாம்பல் தூசி மோசம். எங்கள் கடைப் பக்கம் அவர் வரவே இல்லை. நான் போய்க் கொடுத்த அரிசியையும் அந்த அம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் கரிக்காரர் போய்ச் சேர்ந்தார்.

பல வருடம் கழித்து எண்ணூரில் மின் நிலையம் வந்தது. அதுவும் கரியில்தான் ஓடியது. அணு மின் நிலையம் நகரத்துக்குத் தெற்கே எங்கோ அமைந்தது. அங்கே ரோடு வந்தது, கடைகள் வந்தன, வேலையும் வந்தது என்று கேள்விப்பட்டேன். அன்றைய பேப்பரில் எழுதியிருந்தது பொய்யில்லை. நான் சேர்த்ததுதான் பொய்.

இப்போது என் மனைவிக்குக் கண் சரியில்லை. காலையில் நான்தான் பேப்பர் படித்துக் காட்டுகிறேன், வரிக்குக் கீழே விரலை வைத்தபடி. நடுவில் நானாக ஏதாவது பேசினால், பேப்பரை மடித்துக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவேன். அவளுக்கு அது சிரிப்பாக இருக்கிறது. எனக்கோ, ஒவ்வொரு வரியிலும் அந்தக் கரிக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், அச்சுல கீதா என்று.