வளையல் பக்கம்

அந்தப் பெண்ணை நான் அடித்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும். மறைத்து என்ன ஆகப்போகிறது? புறங்கையில் ஒரே ஓர் அடி. அவள் அழவில்லை. கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். என் கணவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேருக்கு ஆக்கி இறக்கிவிட்டால் அப்புறம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் வாசலில் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மாதானே இருக்கீங்க, வந்து ஒரு கொழந்தைக்குப் படிக்கச் சொல்லிக் குடுங்களேன். சம்பளம் மட்டும் கேட்டுடாதீங்க."

'சும்மாதானே' என்றது சுருக்கென்று தைத்தது. சேவை மனப்பான்மை எல்லாம் ஒன்றுமில்லை, அந்த ரோஷத்தில்தான் போனேன்.

குழந்தைக்கு ஏழு வயது. அப்பாவுக்குத் தோல் ஷாப்பில், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலை ஊறப்போடுகிற வேலை. அவள் முதல் வகுப்பிலேயே இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவையும் இன்ஸ்பெக்டரம்மா பாஸ் போடாவிட்டால் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினால் டக்டக்கென்று சொல்வாள். ஒரு வரியைப் படி என்றால் உளறிக்கொட்டுவாள். நாற்பது பிள்ளைகள் கூடிக் கத்துகிற வகுப்பில் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? நான் அவளை வராந்தாவில் தனியாக உட்காரவைத்து, எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். அப்புறம்தான் அந்த அடி.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வெட்கத்தைவிட்டு அவள் வீட்டுக்கே போனேன்.

"வாங்கம்மா, வாங்க. எப்பப் பாத்தாலும் ஒங்க பேச்சுதான் இதுக்கு" என்று அவள் அம்மா பாய் விரித்தாள். பிள்ளைக்கு ஜுரமாம், காலையில்தான் விட்டதாம். நான் அடித்ததைப் பிள்ளை வீட்டில் மூச்சு விடவில்லை என்று தெரிந்தது.

குழந்தை உள்ளே அரபு ஓதிக்கொண்டிருந்தாள். மடமடவென்று, எங்கும் தட்டுத் தடங்கல் இல்லாமல். நான் மக்கு என்று முடிவுகட்டிய பிள்ளை! பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவள் விரல் வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆண்டவரே! தலையில் அடித்துக்கொண்டேன். தமிழ்ப் புத்தகத்தையும் அவள் இப்படித்தான் படித்திருக்கிறாள், வரியின் கடைசியிலிருந்து. விடியக்காலையில் ஓதிவிட்டு நேராகப் பள்ளிக்கு வருகிற பிள்ளை வேறு எப்படிப் படிக்கும்? எதிரே உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருந்த எனக்கோ, அந்த விரல் இடமிருந்து வலமாக, சரியான பக்கமாகப் போவதாகவே தெரிந்திருக்கிறது.

இடது, வலது என்று சொன்னால் குழம்பினாள். அதனால் இரண்டு கண்ணாடி வளையல் வாங்கி அவள் இடது கையில் மட்டும் போட்டுவிட்டேன். "தமிழ் புக்குன்னா வளையல் பக்கத்துலேர்ந்து வரணும். ஓதறப்போ வெறுங்கை பக்கத்துலேர்ந்து. சரியா?"

"சரி டீச்சரம்மா."

"என்மேல கோவமாடி?"

"ஜுரத்துல மறந்துபோச்சு" என்றாள், கள்ளி.

அதற்கப்புறம் நானும் நாற்காலியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். இரண்டே மாதத்தில் கடகடவென்று படித்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா வந்த அன்று, அவள் எண்ணெய் வைத்துப் பின்னி, புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல்! பெரிய மனுஷி வருகிற நாளில் ஒரு கை மூளியாக இருக்கலாமா என்று அம்மா அடுக்கிவிட்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? காரணத்தை நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான் ஆசிரியை இல்லை என்பதால் உள்ளே விடவில்லை. கதவோரம் நின்றேன். குழந்தை புத்தகத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு ஒரு கையைப் பார்த்தாள், மறு கையைப் பார்த்தாள். விரல் எங்கேயும் இறங்கவில்லை.

"படிம்மா" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேனாவை மையில் தோய்த்தார். நான் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அவள் ஒரு கையைக் குவித்து, கவளம் எடுப்பதுபோல வாய்க்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"என்ன, பசிக்குதா?"

"இல்லீங்க. இது சாப்புடற கை" என்று அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மறு கையின் விரலை இடது ஓரத்தில் ஊன்றி, படிக்க ஆரம்பித்தாள். கேட்டது நான்கு வரி. அவள் பக்கம் முழுவதையும் படித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

பாஸ் போட்டுவிட்டார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். வளையல் குலுங்க ஓடிவந்து என் மடியில் விழுந்தாள்.

"டீச்சரம்மா, ரெண்டு கையிலயும் வளையல் போட்டுடுச்சி எங்கம்மா. நானே கண்டுபுடிச்சேன்!"

"சாப்புடற கைன்னு எனக்குத் தோணவே இல்லையேடி, கண்ணு."

"ஒங்களுக்குத்தான் சீக்கிரம் கோவம் வந்துடுதே" என்றாள், என் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டே.