லோகேஸ்வரி சொல்லாமல் விட்டது

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். சொன்னால் லோகேஸ்வரிக்கும் வேலை போகும், எனக்கும் போகும். நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகள் மனநல வார்டில் அட்டெண்டன்கள். டாக்டர் வருவார், பத்து நிமிடம் பேசுவார், அடுத்த வார்டுக்குப் போய்விடுவார். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மருந்து கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மிச்ச நேரமெல்லாம் பிள்ளைகள் எங்கள் பொறுப்பு. சோறு ஊட்ட வேண்டும். குளியலறைக் கதவைச் சற்றே திறந்து வைத்து வெளியே காவல் நிற்க வேண்டும். கடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையையும் நேரில் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். இதற்கெல்லாம் படிப்பு தேவையில்லை என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் ஒரே ஒரு நாள் வந்து செய்து பார்க்கட்டும்.

லோகேஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது. தினமும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி வருகிறாள். தங்கமானவள், ஆனால் அபசகுனமான ஒரு சொல்லும் அவள் வாயில் வராது. வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் 'தீர்ந்துடுச்சு' என்று சொல்ல மாட்டாள், 'அரிசி வாங்கணும்' என்பாள். இதற்காக அவளை நான் பல வருடம் கேலி செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

மலாய் சரியாக வராத தமிழ்த் தாய்மார்கள் வந்தால் எங்களில் ஒருத்தியைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கென்று தனியாக ஆள் கிடையாது. தரை துடைத்த கையோடு போய் நின்று, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லிவிட்டு மறுபடியும் தரை துடைக்க வர வேண்டும். பெரிய விஷயத்தையெல்லாம் இப்படியா சொல்வது என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனால் நாங்களும் இல்லாவிட்டால் அந்தத் தாய்க்கு ஒன்றுமே தெரியாமல் போகும்.

யஷ்வினி பண்டமாரானிலிருந்து வந்தவள். பன்னிரண்டு வயது. அவள் அப்பா வேலாயுதம் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூரில்தான். அம்மா மாரியாயி புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். பாசாரில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் தெரியும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போவதையும் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டதால் பிள்ளையைச் சேர்த்திருந்தார்கள். ஒரு வாரம் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. லோகேஸ்வரிதான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தலை சீவிவிடுவாள். ஒன்பதாம் நாள் யஷ்வினி டாக்டரிடம் மலாயில் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு ஓர் உதவி கேட்டாள். "அம்மாகிட்ட என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க."

மறுநாள் காலையில் அவள் வயதுக்கு வந்தாள். வார்டில் வைத்தேதான். லோகேஸ்வரிதான் மாரியாயிக்குப் போன் செய்தாள். அந்த அம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஒரு பொட்டலம் சீனியுமாக வந்து சேர்ந்தார். மகள் வாயில் சீனி போட்டார், எங்கள் வாயில் போட்டார், வாசலில் காவலுக்கு நின்ற ஜாகாவையும் விடவில்லை. அத்தனை சந்தோஷமான முகத்தை எங்கள் வார்டு பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் அவரை அறைக்குள் கூப்பிட்டார். யஷ்வினி அம்மாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். லோகேஸ்வரி நடுவில் நின்றாள். நான் கதவோரம் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மலாயில் சொன்னது இதுதான்: உங்கள் மகள் சாக வேண்டும் என்று நினைக்கிறாள். எப்படி என்றும் யோசித்து வைத்திருக்கிறாள். அவளைத் தனியாக விடக் கூடாது. இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

"என்னக்கா சொல்றாரு?" என்றார் மாரியாயி. அவர் விரலில் சீனி ஒட்டியிருந்தது.

யஷ்வினி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரி மாரியாயி பக்கம் திரும்பினாள்.

"பிள்ளைக்கு மனசு கொஞ்சம் சோர்வா இருக்காம் தங்கச்சி. கூடவே இருந்து பாத்துக்கச் சொல்றாரு."

"அவ்ளோதானா! பெரிய பொண்ணாகுற நேரம், அப்படித்தான் இருக்கும்," என்று சிரித்தபடி மாரியாயி டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினார். தாய்க்கு விளக்கிச் சொல்லியாயிற்று என்று டாக்டர் ஃபைலில் எழுதிக்கொண்டார். இரண்டு மொழியும் தெரிந்த யஷ்வினி லோகேஸ்வரியை ஒரு தடவை பார்த்தாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் இரண்டு மொழியும் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், "ஏன்டி மாத்திச் சொன்னே?" என்று கேட்டேன்.

"சீனியும் கையுமா நிக்கிறாங்க லா. அந்த வார்த்தைய எப்படிச் சொல்றது? அடுத்த தடவை வரும்போது தனியா கூப்பிட்டுச் சொல்லிக்கிறேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் ஓஃப். அன்றைக்கு மாரியாயி வந்து, சடங்கு செய்ய வேண்டும், பிள்ளைக்கு நாலு நாள் லீவு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று டாக்டரும் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை காலையில் வந்தால் கட்டில் காலி.

லோகேஸ்வரி நேரே மிஸ்ஸியிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டாள். டாக்டர் ஓடி வந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாரியாயியின் நம்பரை அடித்துப் போனை அவளிடம் நீட்டினார்.

"தங்கச்சி, அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன். பிள்ளை சாகணும்னு நினைக்குது. உடனே கூட்டிக்கிட்டு வாங்க."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போனில் மிக்சி ஓடும் சத்தமும் பாட்டுச் சத்தமும் எனக்கே கேட்டன.

"ஏன்க்கா, நாளைக்குத் தண்ணி ஊத்துறோம். நல்ல காரியம் நடக்குற வீட்டுக்குப் போன் போட்டுப் பேசுற பேச்சா இது? அன்னிக்கு மனசு சோர்வுன்னு சொன்னது நீங்கதானே? அவ சிரிச்சிக்கிட்டு இருக்கா," என்று சொல்லி மாரியாயி போனை வைத்துவிட்டார். டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், பிள்ளை தனியாகவே இல்லை, செவ்வாய்க்கிழமை கட்டாயம் கொண்டுவந்து விடுகிறேன் என்றார் அவர்.

அன்று முழுக்க லோகேஸ்வரி சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பண்டமாரானுக்குப் போனோம். எப்படியாவது பிள்ளையைக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். மாரியாயிக்குக் கோபம்தான், ஆனாலும் வாசலுக்கு வந்தவர்களை வாங்க என்றார். யஷ்வினி பச்சைப் பட்டுக் கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். லோகேஸ்வரி சந்தனத்தைத் தொட்டு அவள் கன்னத்தில் பூசிக்கொண்டே குனிந்து பேசினாள்.

"நான் தப்பு பண்ணிட்டேன்மா. இப்பவே உன் முன்னாலயே அம்மாகிட்ட சொல்றேன். வார்டுக்குப் போயிடலாம், வா."

"வேணாம் ஆன்டி. அம்மா சந்தோஷமா இருக்காங்க."

போட்டோக்காரர் எங்களை நிமிரச் சொன்னார். நிமிர்ந்தோம். வெறுங்கையோடு பஸ் ஏறினோம். வழியெல்லாம் லோகேஸ்வரி அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, சொல்லும் யோக்கியதையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சொன்னபடி கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டாள். டாக்டர் கேட்டபோதெல்லாம், நான் ஓகே, அன்றைக்கு ஏதோ உளறிவிட்டேன் என்றாள். "பொய் சொல்றா டாக்டர்," என்று லோகேஸ்வரி அவரிடம் இரண்டு தடவை போய்ச் சொன்னாள். அவர் அதையும் எழுதிக்கொண்டு, இன்னும் ஒரு வாரம் வைத்திருந்து பார்த்தார். பிள்ளை சொன்னதையே சொன்னாள். அதற்கு மேல் வைத்திருக்க அவருக்கும் வழியில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் அதே அறையில் உட்கார்ந்தார்கள். டாக்டர் மலாயில் சொல்லச் சொல்ல லோகேஸ்வரி ஒன்று விடாமல் தமிழில் சொன்னாள். கத்தி, மருந்து எல்லாவற்றையும் பூட்டி வைக்க வேண்டும், கண் மறைவில் விடக் கூடாது, பிள்ளை சாக நினைத்தாள், மறுபடியும் நினைக்கலாம். அந்தச் சொல்லையும் அவள் மாற்றவில்லை.

மாரியாயியின் முகம் வெளுத்துவிட்டது. மகள் பக்கம் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெசமாவாடி? அப்படியெல்லாம் நெனச்சியா?"

யஷ்வினி சிரித்தாள்.

"இல்லம்மா. மனசு கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான்."