ஏழாவது குறிப்பு

கோபம் வந்தால் மற்றவர்கள் பாத்திரத்தை வீசுவார்கள். நான் பேனாவை எடுப்பேன். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தால் பட்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் சரித்திர டீச்சர். பிறந்தது வந்தவாசிப் பக்கம். கல்யாணமாகி ஆரணிக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் பட்டு நெய்கிறார். எங்கள் தெருவில் தறி இல்லாத வீடே கிடையாது. ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதோ, உதவித்தொகைக்கு மனுவோ, தெருவில் யாருக்கு எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். எதிர்வீட்டு அக்கா மாதம் ஒரு காகிதமாவது கொண்டுவருவாள். "டீச்சர், உங்க கையெழுத்துப் பட்டாத்தான் ஆபீசுல காயிதம் ஜல்தியா நகருதுங்க" என்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

போன வருஷம் ஊரில் ஒரு சங்கத்தார் 'புதையல் நடை' என்று ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். அணி அணியாகப் பிரிந்து நடக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு ஒளிந்திருக்கும். அதில் அடுத்த இடத்துக்கான குறிப்பு இருக்கும். போகிற வழியில் ஊர்ச் சரித்திரம் தெரிந்துகொள்ளலாமாம். சென்னையிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். குறிப்புகளை எழுதித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

சங்கத்தின் செயலாளர் பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவர். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு கோட்டை, அரண்மனை, கோயில், மசூதி, ஆறு, பழைய பள்ளிக்கூடம் என்று விரல் மடக்கினார். ஆறு இடத்தோடு நிறுத்திவிட்டார்.

"நெசவாளர் தெரு?" என்றேன்.

"அங்க இன்னாங்க கீது பாக்கறதுக்கு? சாக்கடையும் தறி சத்தமும்தான். புடவை பாக்கணும்னா கடைக்கு வரட்டுமே."

எனக்குச் சுரீர் என்று ஏறிவிட்டது. கடையில் இவர் அடுக்கிவைத்திருக்கும் புடவை எங்கிருந்து வருகிறதாம், வானத்திலிருந்தா? அன்று சாயங்காலமே ஏழாவது குறிப்பை எழுதினேன். "இது இல்லன்னா மத்த ஆறும் கிடையாதுங்க" என்று அவர் மேஜையில் வைத்தேன். மனுஷன் படித்துப் பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று தலையாட்டினார். ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் தெருமுனையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழைய கல் நிற்கிறது. அதில் என்னவோ எழுத்துகள் இருக்கின்றன. பாதி தேய்ந்துவிட்டது. சரித்திர டீச்சரான எனக்கே படிக்க வரவில்லை. தெருவுக்கு அந்த எழுத்து முக்கியமில்லை, கல்தான் முக்கியம். புடவைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகளைப் பாவு என்போம். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் வெயில் ஏறாத காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். ஒரு தலையைக் கல்லில் கட்டி, மறு தலையை ஆட்கள் பிடித்து இழுப்பார்கள். குறைந்தது ஐந்து பேர் வேண்டும். கூலி கிடையாது. உன் பாவுக்கு நான் வருவேன், என் பாவுக்கு நீ வர வேண்டும், அவ்வளவுதான்.

அதை வைத்துத்தான் குறிப்பு எழுதினேன்:

பத்துக் கை பிடித்தால் நீளும் பட்டு
பார்த்து வா, அதன் கல்லைத் தொட்டு.

நடை ஞாயிற்றுக்கிழமை. நாட்காட்டியில் அன்றைக்குக் கறுப்பு வட்டம், அமாவாசை. அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள், பாவும் போட மாட்டார்கள். தெரு காலியாகக் கிடக்கும், யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் எதிர்வீட்டு அக்கா ஆயிரம் கேள்வி கேட்பாள் என்பதும் ஒரு காரணம். வீட்டுக்காரர் ஒரு சாவுக்காகத் தேவிகாபுரம் போயிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், பரிசு வாங்கும் இடம் எழுதிய கடைசிச் சீட்டையும் வந்த இடம் சரிதான் என்று தெரிவதற்காக ஏழாவது குறிப்பின் நகல் ஒன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்லின் பின்புறப் பொந்தில் செருகினேன். மறுநாள் விடியும் முன்பே கிளம்பிக் கோட்டை மைதானத்துக்குப் போய்விட்டேன்.

வட்டத்தைப் பார்த்தவள் அதன் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல்தான் அமாவாசையே பிறக்கிறது. அதற்குள் முடித்துவிடலாம் என்று எதிர்வீட்டில் பாவு போட்டுவிட்டார்கள். இருபது வருஷம் அந்தத் தெருவில் குப்பை கொட்டியும் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

செயலாளரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து தெருமுனைக்கு வந்தபோது மஞ்சள் பனியன் போட்ட ஐந்தாறு பேர் கல்லை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். தெரு நீளத்துக்கு அரக்குச் சிவப்பில் பாவு நின்றது. ஓடியவர்களில் ஒருத்தர் அதைத் தாண்டிக் குதித்தார். "யோவ், தாண்டாதய்யா!" என்று அக்கா கத்தியது அவர் காதில் ஏறவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் பொந்தில் கையை விட்டாள். பாவைக் கல்லில் கட்டியிருந்த கயிறு இடைஞ்சலாக இருந்திருக்கிறது. அவிழ்த்துவிட்டாள்.

அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்திருந்த அக்காவின் புருஷன் மல்லாக்க விழுந்தார். கஞ்சி ஈரத்தோடு பாவு முழுவதும் மண்ணில் படுத்தது. பிடித்தவர்கள் பதறித் தூக்கப் போக, இழைகள் சிக்கி அறுந்தன. மூன்று புடவைக்கான பாவு. மஞ்சள் பனியன்காரர்களோ, "கிடைச்சிடுச்சு, கிடைச்சிடுச்சு!" என்று கைதட்டினார்கள்.

அக்கா வந்து அந்தப் பெண்ணின் கையிலிருந்து உறையைப் பிடுங்கினாள். பிரித்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"இது டீச்சர் கையெழுத்து ஆச்சே" என்றாள்.

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த நிமிஷத்திலாவது வாயைத் திறந்து, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். நானா சொல்வேன்? "அமாவாசைன்னுதானே வச்சேன்? அமாவாசை அன்னிக்கு யாரு உங்கள பாவு போடச் சொன்னது?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. செயலாளர் வண்டியைத் திருப்பிக்கொண்டு எப்போது போனார் என்றே தெரியாது.

அதற்குப் பிறகு என்னிடம் ஒரு மனுவும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் எழுதிக்கொள்கிறார்களாம். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வெளியே வந்தால் வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே போய்விடுவார்கள். போனால் போகட்டும், எத்தனை நாளைக்கு என்று நானும் வீம்பாக இருந்தேன்.

மூன்றாவது வாரம் எங்கள் வீட்டுப் பாவு தயாரானது. வீட்டுக்காரர் முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. யாரும் வரவும் இல்லை. கல்லில் கயிற்றைக் கட்டிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பாவின் மறுதலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நடுவே அது தொய்ந்து தரையைத் தொடப் பார்த்தது. கீழ்வானம் வெளுத்துவிட்டது. வெயில் ஏறினால் கஞ்சி போட முடியாது, அன்றைய காலை வீண்.

"உன் பேனாவக் கூப்டு, வந்து புடிக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

எதிர்வீட்டு அக்கா வாசல் தெளிக்க வெளியே வந்தாள். எங்களைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், அந்த பிளாஸ்டிக் உறையோடு திரும்பி வந்தாள். பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்! தெருவுக்கே கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பத்துக் கை பிடித்தால் நீளும் பட்டு." நிறுத்தினாள். "உங்க வூட்டு ஆளுங்க ரெண்டு பேரு. நாலு கை. மீதி ஆறு கை எங்க டீச்சர்? தேடினு வாங்க. அதான் உங்களுக்குப் புதையலு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்காரர் பாவைச் சுற்ற ஆரம்பித்தார். நான் தெருவைக் கடந்து அவள் கதவைத் தட்டினேன். "தப்பு என்னுதுதான் அக்கா. அமாவாசை மேல பழி போட்டது அதவிடப் பெரிய தப்பு" என்றேன்.

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மொதல்ல மத்த வூட்டயெல்லாம் தட்டிட்டு வா. கடைசி வூடு என்னுது."