எஸ்தர் சொன்ன பாஸ்

போன வாரம் தடா அருகே கார் டயர் வெடித்துவிட்டது. கடைக்காரர் புது டயரை உருட்டி வந்து பக்கத்தில் சாய்த்ததும் அந்த ரப்பர் வாசனை குப்பென்று ஏறியது. எனக்கு அது சீட்டாட்டத்தின் வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

சித்தூரில் ஒரு டயர்க்கடை மாடியில் ஞாயிறு மதியங்களில் பிரிட்ஜ் ஆடுவார்கள். வக்கீல்கள், டாக்டர்கள், பேங்க்காரர்கள். என்னை அங்கே இழுத்துப்போனவள் எஸ்தர். திருப்பதியில் ஒரே விடுதி அறையில் இருந்தோம். நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தேன். அவள் பிசியோதெரபிஸ்ட், சொந்த ஊர் சித்தூர். ஊரெல்லாம் திருமலைக்கு ஏறும் ஞாயிறுகளில் நாங்கள் எதிர்த்திசையில் பஸ் பிடிப்போம். அவளுக்கு முதலில் சர்ச், பிறகு அவள் வீட்டுச் சாப்பாடு, அதற்கப்புறம் டயர்க்கடை மாடி.

பிரிட்ஜில் சீட்டைப் போடுவதைவிட அதற்கு முன் நடக்கும் ஏலம்தான் கஷ்டம். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று ஏலம் கேட்க வேண்டும். கையில் இருப்பதைக் கூட்டாளிக்கு அந்த ஏலத்தால் மட்டுமே தெரிவிக்கலாம். கண்ணடிக்கக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. நானோ பெருமூச்சு விடாமல் பால் பாக்கெட்கூடப் பிரிக்காதவள்.

எஸ்தர் பல் தேய்க்கும்போதுகூடக் கேள்வி கேட்பாள்.

“பதினோரு பாயின்ட்டு, நாலு இஸ்பேடு. நான் ஒரு இஸ்பேடு கேட்டுட்டேன். நீ இன்னா சொல்லுவ?”

“ரெண்டு?”

“பயந்துக்கினு சொல்லாதடி. மூணு! உன் கையில இருக்கறத உள்ளபடி சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

அந்த வருடப் போட்டியில் எப்படியோ இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். அந்த மாடியில் பெண்கள் அதுவரை கோப்பை வாங்கியதில்லை. நான் வீட்டுக்குப் போன் போட்டு, நைனாவிடம் ஷோகேஸில் இடம் ஒதுக்கச் சொல்லியிருந்தேன்.

கடைசி ஆட்டம். எதிரணி, திருப்பதியிலிருந்து வந்த ஜோடி. அவர்கள் ஆட்டினில் ஏலத்தைத் தொடங்கினார்கள். எஸ்தர் இரண்டு இஸ்பேடு கேட்டாள். அவர்கள் மூன்று ஆட்டின் என்று ஏறினார்கள். என் முறை. இஸ்பேடுக்கு உதவும் சீட்டு என்னிடம் நன்றாகவே இருந்தது. கேட்கலாமா, வேண்டாமா? சீட்டுகளைப் பிரித்தேன், சேர்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் தைரியம் வராமல் “பாஸ்” என்றேன்.

எதிராளியும் பாஸ். எஸ்தர் கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் ஏலம் முடிந்தது. அவள் சாதாரணக் குரலில் சொன்னாள்: “பாஸ்.”

அவர்கள் கேட்ட பிடிகளை எடுத்தார்கள். கோப்பையையும் எடுத்தார்கள். சீட்டுகளை விரித்துப் பார்த்த எதிராளி திகைத்துப்போனார்.

“ஏமண்டி, ஆறு இஸ்பேடு வச்சிக்கினு பாஸா? மூணு இஸ்பேடு கேட்டிருந்தா நீங்கதானே கெலிச்சிருப்பீங்க!”

எஸ்தர் சிரித்து அவர் கையைக் குலுக்கினாள்.  திரும்பும் பஸ்ஸில் வெடித்துவிட்டேன்.

“ஏன்டி விட்ட?”

“கேக்கலாம், விடலாம், ரெண்டுங்கெட்டான் கை அது. நீ அவ்ளோ நேரம் யோசிச்சிக்கினு இருந்ததுலயே உன்கிட்ட சரக்கு இருக்குதுன்னு தெரிஞ்சிபோச்சி. அத வச்சிக்கினு கேட்டா, நீ எனக்குக் கண்ணடிச்ச மாதிரிதான?”

“யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமில்ல.”

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, என் தயக்கத்தால் தோற்றோம் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கொய்யா வாங்கி வைத்திருந்தாள், பாதியைப் பிய்த்து என் மடியில் போட்டாள். எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். அப்படித் தோற்கத் தெரிந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

திருப்பதிக்காரர் விஷயத்தை ஊகித்துவிட்டார் போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு வேறொரு மேஜையில் தகராறு வந்தபோது, “எஸ்தர் மேடம்கிட்ட கேளுங்கப்பா” என்று அவர்தான் குரல் கொடுத்தார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

நோய்த்தொற்றுக் காலத்தில் மாடி மூடியது, மறுபடி திறக்கவில்லை. எஸ்தர் மஸ்கட்டில் வேலைக்குப் போய்விட்டாள். நான் இப்போது போனில் ஆடுகிறேன், முகம் தெரியாத கூட்டாளிகளோடு. சில நேரம் கூட்டாளியிடமிருந்து ஏலம் வரத் தாமதமாகும். அந்த ஆள் யோசிக்கிறாரா, நெட் போய்விட்டதா என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.