கழுத்து பொருந்தாத கிட்டார்

மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில் அவளை எல்லாரும் காயில்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டியெறிந்து, புதுக் கம்பி சுற்றிக் கட்டுவது அவள் வேலை. கல்யாணப் பேச்சும் அந்தப் பட்டறையில்தான் தொடங்கியது. இரைச்சல் போடும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவன், அது சரியான பிறகும் ஏதாவது சாக்கு வைத்து வந்துகொண்டே இருந்தான். ஓட்டல்களில் வாசிக்கும் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவன். வாய் நீளம், வருமானம் குட்டை என்று அவளுடைய அண்ணன் முகத்தைச் சுளித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணமாகிச் சில வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒருநாள் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. அடுத்து டம்ளர் நழுவியது. ஒரு விருந்தில் பாட்டு பாதியில் இருக்கும்போது இடது கை விரல்கள் தந்தியை அழுத்த மறுத்துவிட்டன. குழுவினர் சமாளித்து முடித்தார்கள். நரம்புகள் தசைகளைக் கைவிட்டுக்கொண்டு வருகின்றன, இதை நிறுத்த மருந்து கிடையாது, மெதுவாக ஏறும், ஆனால் ஏறும் என்றார் மருத்துவர். அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தான்.

அவனுடைய பழைய கிட்டார் இரும்பு மாதிரி கனம். தந்திகள் ஓடும் கழுத்தும் தடிமன், கை முழுக்கச் சுற்றிப் பிடித்தால்தான் விரல் எட்டும். லேசாக ஒன்று இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் வாசிக்கலாம் என்று அவன் பேச்சுவாக்கில் சொன்னது அவள் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. கடை கடையாக ஏறி இறங்கினாள். லேசாக இருந்ததற்குக் கழுத்து தடிமன், கழுத்து மெலிந்ததற்கு உடம்பு கனம். கடைசியில் தானே தனித்தனியாக வாங்கிக் கோத்துவிடுவது என்று முடிவு கட்டினாள். நெட்டி மாதிரி எடையில்லாத மரத்தில் அறுத்த உடல் ஒரு கடையில் கிடைத்தது. சின்னக் கைகளுக்கென்று செய்த மெல்லிய கழுத்து இன்னொரு ஊரிலிருந்து பார்சலில் வந்தது. தந்திகளின் அடி முனையைத் தாங்கும் பிரிட்ஜையும் முறுக்காணிகளையும் பழைய சாமான் கடையில் பொறுக்கினாள்.

பட்டறை முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஃபேனுக்குச் சுத்தின கையால கிட்டார் கோத்தா பாட்டு வராது, காத்துதான் வரும் என்றார். ஆனால் வேலை முடிந்த பிறகு மேசையையும் துளைபோடும் மிஷினையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கழுத்தின் அடிப்பகுதி உடலில் வெட்டியிருந்த பள்ளத்தில் இறங்கவில்லை. ஒரு நூல் அகலம்தான் இடித்தது. அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் அன்று காலையில் அவனுக்கு மோதிர விரலும் மடங்கவில்லை. அவசரத்தில் பாதி தேய்த்ததைப் பள்ளத்தில் வைத்து, திருகாணிகளைப் போட்டு, பலம் கொண்ட மட்டும் முறுக்கினாள். படக்கென்று ஒரு சத்தம். கழுத்தின் அடியில் மரம் நீளவாக்கில் பிளந்திருந்தது.

அதே மாதிரி இன்னொரு கழுத்து வரும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பார்சல் வண்டி தெருவில் திரும்பினாலே வாசலுக்கு ஓடினாள். வலது கையும் தளர்ந்துவிட்ட அவனைக் குளிப்பாட்டவும் சோறூட்டவும் வந்து தங்கியிருந்த நாத்தனாருக்கு எரிச்சல் வந்தது. புருஷன் முகத்தைப் பார்க்க நேரமில்லை, கட்டையைத் தடவிக்கொண்டிருக்கிறாள் என்று அவன் காதுபடவே சொன்னார். அதில் பொய் ஒன்றுமில்லை.

புதுக் கழுத்து இந்த முறை பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. தந்தி பூட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். சும்மா மீட்டினால் சுருதி சரியாக இருந்தது. கழுத்தின் பாதியில் அழுத்தி மீட்டச் சொன்னவன், கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டான்.

"சுருதி இறங்கி நிக்குதும்மா. கழுத்து குட்டை, உடம்பு நீளக் கழுத்துக்கு வெட்டினது. பிரிட்ஜை முன்னால நகர்த்தணும்."

பழைய துளைகளை மரக்குச்சியால் அடைத்து, பசை காய்ந்த பிறகு, ஒரு விரல் முன்னால் தள்ளிப் புதிதாகத் துளை போட வேண்டும். அவள் தந்திகளைக் கழற்ற ஆரம்பித்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"விட்டுடு. எனக்கு கிட்டார் வேணாம். சாயங்காலத்துல நீ இப்படிப் பக்கத்துல வந்து உக்காந்தா போதும்."

"உக்காந்து என்னங்க பண்ணுவேன்?" என்றாள் அவள். "ஒவ்வொரு விரலா போறத பாத்துட்டே இருக்கணுமா? என்னால முடியாது."

நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிரிட்ஜை நகர்த்தினாள். பிறகு பிக்கப் சதி செய்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள் அது. அதுவும் பழைய சாமான் கடையில் வாங்கியது என்பதால் ஆம்ப்ளிஃபயரில் சொருகியதும் உஸ்ஸென்று இரைந்தது. சுருளைப் பிரித்து மறுபடி சுற்றுவது, இது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வேலை. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. மூச்சு பட்டாலே அறுந்தது. அறுந்ததை எறிந்துவிட்டு முதலிலிருந்து சுற்றினாள். பட்டறையில் கூட வேலை செய்தவர்கள் அவளிடம் பேச்சுக் கொடுக்கவே பயந்தார்கள்.

எல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிட்டாரை அவன் மடியில் வைத்தாள். எடையே தெரியவில்லை என்றான். அவன் இடது கையைத் தூக்கிக் கிட்டாரின் கழுத்தின் மேல் வைத்தாள். விரல்கள் தந்தியின் மேல் கிடந்தன. அவன் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் அசையவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, அவன் முழங்காலில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதாள். அந்தக் கழுத்தைப் பிளக்காமல் இருந்திருந்தால், கொஞ்சம் பொறுமையாகத் தேய்த்திருந்தால் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவன் வலது கைக் கட்டைவிரலில் மட்டும் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. அவள் அழுது ஓய்ந்ததும் அந்த விரலால் தந்திகளை ஒருமுறை வருடினான்.

"இரைச்சலே இல்ல பாரு. நல்லா சுத்தியிருக்க" என்றான். பிறகு, "மேல ரெண்டாவது தந்தி, மூணாவது கட்டம். நீ அழுத்து" என்றான்.

தனக்குச் சுருதியும் தெரியாது மண்ணும் தெரியாது என்றாள். தெரிந்தவன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அழுத்து என்றான்.

அன்றிலிருந்து அவள் பின்னால் நின்று அழுத்த, அவன் கட்டைவிரலால் மீட்டினான். அது வாசிப்பு என்று சொல்கிற மாதிரி இல்லை. அவள் விரல் தப்பான இடத்துக்குப் போனால் அவன் எரிந்து விழுவான். அவள் கோபித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வருவாள். ஒரு பாட்டு உருவாகி வந்தது. அது உருப்படியாகக் கேட்கத் தொடங்கிய சமயத்தில் கட்டைவிரலும் போனது. சில மாதங்களில் பேச்சும் குழறி, பிறகு நின்றது.

இப்போது இரண்டு கையும் அவளுடையதுதான். பட்டறையிலிருந்து வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த ஒரே பாட்டை வாசிக்கிறாள். நாத்தனார் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். சுருதி பிசகும் இடத்தில் அவன் கண்ணை மூடிக்கொள்வான். அவள் நிறுத்தி, அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், அவன் கண் திறக்கிறவரை அதையே மறுபடி மறுபடி வாசிப்பாள்.