ஹௌசா தாயியின் ஒன்றரை நிமிடம்

மும்பை லோக்கலில் திவா ஸ்டேஷன் பின்னால் போனதும் ஹௌசா தாயி நைட்டிகளை மாட்டத் தொடங்குவார். தாயி என்றால் மராட்டியில் அக்கா. மூன்று நைட்டிகள். மூன்றும் இருப்பதிலேயே பெரிய அளவு, மூன்றிலும் சூரியகாந்திப் பூ. பெண்கள் பெட்டிக்கும் பக்கத்து ஆண்கள் பெட்டிக்கும் நடுவே இருக்கும் கம்பிவலையில் அவற்றைக் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் திரை தயார். வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆண்களோடு அவர் சண்டை போடுவதில்லை. "அண்ணா, அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கு பாருங்க. உப்பங்கழி தெரியும், கொக்கு தெரியும். அதப் பாருங்க," என்பார். அவர்களும் கொக்கு பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகு வண்டி பார்சிக் சுரங்கத்துக்குள் நுழையும். ஃபாஸ்ட் லோக்கல் அதைக் கடக்க ஒன்றரை நிமிடம். பெட்டிக்குள் விளக்கு எரியும், வெளியே மலையின் வயிறு. பிளாட்பாரம் கிடையாது, எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. தாயியின் கடைக்கு இருக்கிற ஒரே உடை மாற்றும் அறை அந்த ஒன்றரை நிமிடம்தான்.

எங்கள் பெட்டியில் தோடு விற்பவர்கள், டீ வடிகட்டி விற்பவர்கள், பூண்டு உரித்து விற்பவர்கள் எல்லோரும் ஏறி இறங்குகிறார்கள். தாயி விற்பது பிரா. அதிலும் நிறைந்த உடம்புக்காரிகளுக்கு மட்டும். ஒல்லியாக ஒருத்தி கை நீட்டினால் அடுத்த பெட்டியில் விற்கிற கவிதாவிடம் அனுப்பிவிடுவார். "ஒல்லியா இருக்கறவளுக்கு ஊரெல்லாம் கட. நெறஞ்ச உடம்புக்காரி எங்க போவா?" உல்லாஸ்நகரில் ஒரு தையல் கூடத்தில் பதினோரு வருடம் பிராவுக்குக் கொக்கி தைத்தவர். அது முடிந்து இப்போது ரயிலில் பதினாலு வருடம்.

நான் தாதரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். வேலை பன்னிரண்டு மணிக்கு. டோம்பிவிலியில் பத்து ஐம்பத்திரண்டு வண்டியைப் பிடித்தால் உட்கார இடமும் கிடைக்கும், தாயியும் கிடைப்பார். இருபத்தாறு வருடத்தில் இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டேன். ஆனாலும் அவர் என்னை "மதராஸ்" என்றுதான் கூப்பிடுகிறார். நான் தர்மபுரிப் பக்கம், மதராஸை மொத்தமாக இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சொல்லிப் பார்த்தாயிற்று.

தாயியிடம் அளவுநாடா கிடையாது. "கையத் தூக்கு," என்பார். வாடிக்கைக்காரி முதுகைக் காட்டி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தாயி பின்னாலிருந்து, மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி அவளைக் கட்டிப்பிடிப்பார். அவருடைய இடது கையில் சின்ன வயதில் குத்திய பச்சை இருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே தேள், அதற்கு மேலே அண்ணன் பெயர் தத்து, அதற்கும் மேலே துளசி மாடம். வலது கையின் விரல் நுனி தேளைத் தொட்டால் நாற்பது. தத்துவைத் தொட்டால் முப்பத்தெட்டு. துளசி வரைக்கும் போனால் முப்பத்தாறு. தாயியைத் தவிர எங்கள் பெட்டியில் யாரும் எண்ணைச் சொல்வதில்லை. கீரை ஆய்ந்துகொண்டே வருகிற பாட்கர் வைனி, அதாவது பாட்கர் அண்ணி, எட்டு வருடமாகத் தத்து.

ஏன் நாடா வைத்துக்கொள்ளக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "நாடாவப் பாத்தா எல்லாரும் மூச்ச இழுத்துப் பிடிப்பாங்க. கட்டிப் பிடிச்சா மூச்சு தன்னால எறங்கிரும்," என்றார். மூன்று விநாடிதான் பிடிப்பார். பிறகு எண்ணை ஸ்டேஷன் பெயர் சொல்வதுபோல் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொல்வார். ஆரம்பத்தில் பெண்களுக்கு உயிர் போகும். நாலு எண் கேட்ட பிறகு ஐந்தாவதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இன்னொரு பழக்கம், பொருந்தாததை விற்கமாட்டார். போட்டுப் பார்த்தவளைக் குனியச் சொல்வார், நிமிரச் சொல்வார், தூரத்தில் நிற்கும் தெரிந்தவளைக் கூப்பிடுவதுபோல் கையை ஆட்டச் சொல்வார். முதுகுப் பட்டை மேலே ஏறினால் பிடுங்கி மூட்டையில் போட்டுக்கொள்வார். "தோள்ல தொங்கவிட்டா தோளுதான் கிழியும். முதுகுப் பட்டதான் தாங்கணும். என் மூட்டைய நான் எங்க வச்சுத் தூக்கறேன்? இடுப்புல."

என் தோள் இரண்டிலும் நாடா அழுத்திய பள்ளம் உண்டு. பேனா வைத்தால் நிற்கும். கடைக்குப் போனால் கவுன்ட்டர் ஆள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாப்பத்திரண்டு எடு," என்று உள்ளே கத்துவான். நான் பையைத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடிவருவேன். தாயி என்னைப் பல தடவை கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார். என் அளவு எனக்குத் தெரியும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

வண்டியில் விற்பது குற்றம் என்பதால் போலீசும் உண்டு. காக்கி கண்ணில் பட்டால் தாயிக்கு எட்டு விநாடி போதும். நைட்டிகள் வலையை விட்டு இறங்கிவிடும், மூட்டை என் சீட்டுக்கு அடியில் போய்விடும். தாயி பாட்கர் வைனியின் மடியிலிருந்து ஒரு பிடி வெந்தயக்கீரையை அள்ளிக்கொண்டு உட்கார்ந்து ஆயத் தொடங்கிவிடுவார். ஏதோ ஒரு வீட்டு ராத்திரிச் சமையல் அவர் தலையில்தான் விழுந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

போன வருடம் கோடையில் சாயலி ம்ஹாத்ரே வந்தாள். வயது இருபத்தேழு, தாணேயில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. அந்த வெயிலில் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தியிருந்தாள். சீட் காலியாக இருந்தும் வாசலோரம், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு எனக்குப் புதிதல்ல.

தாயி நேராகப் போய், "எத்தன போட்டிருக்க?" என்று கேட்டார்.

குரலைத் தாழ்த்தி, "ரெண்டு," என்றாள்.

"அதுக்கு மேல?"

"அம்மா சேலையக் கிழிச்சு ஒரு சுத்து."

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. போலீஸ் ஆள் எடுப்பில் எழுத்துத் தேர்வெல்லாம் அவளுக்கு ஒன்றுமில்லை. எண்ணூறு மீட்டர் ஓட்டம்தான் இடிக்கிறது. போன தடவை ஒரு கையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஒன்பது விநாடி வித்தியாசத்தில் போயிற்று. கயிற்றுக்கு வெளியே நின்ற பையன்கள் விநாடியை எண்ணவில்லை. வயது வரம்பு முடிகிறது, இதுதான் கடைசி. ஓட்டத்துக்கு இன்னும் பதினோரு நாள்.

சுரங்கம் வந்தது. தாயி கட்டிப்பிடித்தார். விரல் தேளைத் தாண்டி, தத்துவைத் தாண்டி, துளசியில் போய் நின்றது. "முப்பத்தாறு," என்று அறிவித்தார்.

பெட்டி சிரித்தது. தாயிக்குக் கண் போய்விட்டது என்றாள் பாட்கர் வைனி. சாயலிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் நாப்பத்திரண்டுதான் போடறேன்."

"அதான் ரெண்டு போடற," என்றார் தாயி. "உன் முதுகு முப்பத்தாறு. முன்னாடி இருக்கறது வேற அளவு. கடைக்காரன் முன்னாடியப் பாத்துட்டு முதுகையும் ஏத்திப்புட்டான்."

ஆனால் முப்பத்தாறு முதுகுக்கு அவ்வளவு பெரிய கப் வைத்த பிரா தாயியின் மூட்டையில் இல்லை. நாற்பதைக் கொடுத்துப் பின்னால் மடித்துத் தைத்துக்கொள்ளச் சொல்லலாமே என்று ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். தாயி மூட்டையைக் கட்டினார். "கல்யாணத்துக்கா போறா? ஓடப் போறா. எங்கிட்ட இல்ல." சாயலி தலையை ஆட்டிக்கொண்டு பையை மறுபடி அணைத்தபடி தாணேயில் இறங்கிப் போனாள்.

மறுநாள் தாயி வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பதினாலு வருடத்தில் வியாழக்கிழமை விரதத்தன்றுகூட லீவு போடாதவர் சேர்ந்தாற்போல் ஆறு நாள் காணவில்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கும் என்று பேசிக்கொண்டோம். பாட்கர் வைனி தினமும் கொஞ்சம் கூடுதலாகவே கீரை கொண்டுவந்தாள்.

ஏழாம் நாள் ஏறினார். உல்லாஸ்நகரில், பழைய தையல் கூடத்தில் இருந்திருக்கிறார். இந்த அளவுக்கு துணி வெட்டுகிற மாதிரிக் காகிதமே கிடையாது, யாரும் கேட்பதில்லை என்று முதலாளி கைவிரித்திருக்கிறான். அப்படியே வெட்டினாலும் ஒரு டஜனுக்குக் குறைந்து மெஷினை ஓட்ட முடியாது என்றிருக்கிறான். தாயி தன் பழைய ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். தானே வெட்டி, இரண்டு முறை கெடுத்து, மூன்றாவது முறை சரியாக வந்திருக்கிறது. நாலு விரல் அகல முதுகுப் பட்டை, மூன்று வரிசைக் கொக்கி, இழுபடாத நாடா. இவ்வளவும் எங்களுக்குச் சொன்னது அவரல்ல, கூட வந்த கவிதா. டஜனையும் தலையில் கட்டிவிட்டார்களே, மீதிப் பதினொன்றை யார் வாங்குவார்கள் என்று அவள் அங்கலாய்த்தாள்.

அன்றைக்குச் சுரங்கத்தில் நானும் பாட்கர் வைனியும் ஆளுக்கு ஒரு நைட்டியைப் பிடித்து மறைப்புக் கட்டி நின்றோம். நாற்பது விநாடியில் மாற்றியாயிற்று. சாயலி குர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"குதி," என்றார் தாயி.

"இங்கயா?"

"அன்னிக்குக் கயித்துக்கு வெளிய ஆம்பளைங்க நிப்பானுங்க. இங்க கீர ஆயற பொம்பளைங்கதான். குதி."

அவள் ஒரு தரம் குதித்தாள். பழக்க தோஷம், கை தானாக மார்புக்குப் போனது. தாயி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். மறுபடி குதித்தாள். பிறகு யாரும் சொல்லாமலே குதித்தாள், இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, சுரங்கம் முடிகிறவரை. கொக்கி அசையவில்லை, பட்டை ஏறவில்லை. அவளுக்கு மூச்சிரைத்தது. சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாத ஒரு முகம். நான் அழுதேன் என்று பாட்கர் வைனி இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மூக்கைச் சிந்தினேன், அவ்வளவுதான்.

அதோடு சாயலி போனவள்தான். ஓட்டத்தின் நாள் வந்து போயிற்று. கூரியர் வேலையை விட்டுவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது. தேறியதாலா, தேறாததாலா என்று தெரியவில்லை.

மீதிப் பதினொன்றின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் தாயி என் முன்னால் வந்து நின்று, "எந்திரி, மதராஸ். கையத் தூக்கு," என்றார். எழுந்தேன். மனிதர்கள் யாரும் என்னைக் கட்டிப்பிடித்து வருடக்கணக்காகிறது என்பது கையைத் தூக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. விரல் தேளைக்கூட எட்டாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "துளசி," என்றார் தாயி. இருபத்தாறு வருடமாக நான் வேறு யாருடைய அளவையோ போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது. தோளில் பள்ளம் இன்னும் போகவில்லை, ஆனால் ஆழம் குறைந்திருக்கிறது. இரண்டு மாதத்தில் பத்து விற்றுவிட்டது. நாற்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்த முக்கால்வாசிப் பேர் துளசியாக இருந்தார்கள்.

பதினோராவதை மட்டும் தாயி விற்கவில்லை. மூட்டையின் அடியில் காகிதத்தோடு கிடந்தது. கேட்டவர்களுக்கு அந்த அளவு தீர்ந்துவிட்டது என்றார். எனக்குத் தெரியும் என்பதால் என்னிடம் மட்டும், "ஒரு வருஷத்துல எலாஸ்டிக் போயிரும். வருவா," என்றார். டோம்பிவிலியில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஏறுகிற பெண்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். பார்த்துவிட்டு மூட்டையைப் பிரிப்பார். வருடம் முடிந்து மேலும் ஒரு மாதமாயிற்று.

போன செவ்வாய்க்கிழமை திவா கடந்து நைட்டிகள் ஏறிய நேரத்தில், பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து காக்கி வந்தது. தாயிக்கு எட்டு விநாடி. நைட்டிகள் இறங்கின, மூட்டை என் காலுக்கடியில் வந்தது, கீரை தாயியின் மடிக்குப் போனது. பூட்ஸ் எங்கள் வரிசைக்கு வந்து நின்றது. தாயி தலையைத் தூக்காமல் ஒவ்வோர் இலையாகக் கிள்ளினார். வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது.

"எலாஸ்டிக் போயிருச்சு, தாயி," என்றாள் போலீஸ்காரி.

தாயி அண்ணாந்து பார்த்தார். கிள்ளிய இலை விரலிலேயே இருந்தது. அவள் தொப்பியைக் கழற்றி என் மடியில் வைத்தாள். தாயிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். காக்கிச் சட்டையோடு, பெட்டியின் நட்ட நடுவில், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். கம்பிவலையில் இப்போது நைட்டி இல்லை. அந்தப் பக்கத்து ஆண்கள் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்கள். சுரங்கத்தில் கொக்கு கிடையாது.

தாயி கீரையை பாட்கர் வைனியின் மடியில் கொட்டிவிட்டு எழுந்து, சாயலியைச் சுற்றிக் கைகளைப் போட்டார். விரல் தேளைத் தாண்டியது, தத்துவைத் தாண்டியது, துளசியையும் தாண்டி முழங்கைப் பக்கம் போனது. ஒரு வருடப் பயிற்சி. மூட்டையின் அடியில் எடுத்து வைத்திருந்தது இனி அவளுக்கு ஆகாது. எண்ணைக் கேட்கப் பெட்டியே காத்திருந்தது. தாயி சொல்லவில்லை. வண்டி வெளிச்சத்துக்கு வந்தது. தாணேயில் இறங்குகிறவர்கள் எழுந்து அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். தாயி முகத்தைக் காக்கி முதுகில் வைத்தபடி, கைகளை எடுக்காமல் நின்றார்.