ஏழாவது ராஜ்ஜியத்தின் இடம்

பாடநூல் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கழிப்பறையை ஒட்டிய அறையில், முப்பத்தொரு வருடம் வரைபடம் வரைந்தவர் அவர். சக ஊழியர்களுக்கு 'மேப்பு'. கடல்களுக்கெல்லாம் நீலம் தீட்டியவர், ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை.

சேர்ந்த இரண்டாம் வருடம், பழைய நாகரிகம் ஒன்றின் ஏழு ராஜ்ஜியங்களைக் குறிக்கச் சொன்னார்கள். ஆறு ராஜ்ஜியங்களுக்கு இடம் எழுதி வந்தது. ஏழாவது எங்கே இருந்ததென்று அறிஞர்களுக்கே தெரியாது. பெயர் மட்டும் வந்தது. படத்தை வாங்கிப்போக அச்சக ஆள் வாசலிலேயே நின்றார். மேப்பு, எழுத்து ஆற்றின்மேல் ஏறாதபடி, படத்தில் வெள்ளையாகக் கிடந்த மூலையில் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த பதிப்பில் கேள்விக்குறி போட்டுவிடலாம் என்றிருந்தார். அடுத்த பதிப்பில் அட்டையின் நிறம்தான் மாறியது.

ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கையில், புதிய நூலுக்காக அதே படம் மேசைக்கு வந்தது. போவதற்குள் புள்ளியை எடுத்துவிட வேண்டும். பதிப்பாசிரியரிடம் போனார்.

"சார், அந்த ஏழாவது நானா வச்சது. அங்கதான் காலியா இருந்துச்சு."

"முப்பது வருஷமா அங்கதானே இருக்கு?"

"ஆதாரம் கிடையாது சார்."

பதிப்பாசிரியர் இரண்டு தடித்த ஆய்வுநூல்களை நகர்த்தினார். இரண்டிலும் அதே புள்ளி; அடிக்குறிப்பில் ஆதாரமாக மேப்புவின் படம்.

"ரெண்டு பேராசிரியருங்க சொல்றாங்க. நீங்க டிராயிங் டிப்ளமா."

வீட்டில், சரித்திர ஆசிரியையான மகள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு மாணவி ஏழாவதைக் குறிக்காமல் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள். மகள் பூஜ்யம் போட்டாள்.

"அதுதாம்மா சரியான பதில். புள்ளிய வச்சதே உங்கப்பன்தான்."

"நீங்க சொன்னா நான் நம்புறேன்பா. மேலிடத்துல கேட்டா எதைக் காட்டுவேன்? புத்தகத்துல இருக்கே."

பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. மேப்பு சாப்பிடாமல் படுத்தார்.

மறுவாரம் நிபுணர் குழுவின் குறிப்பு வந்தது: ஆறு ராஜ்ஜியங்களுக்கு எல்லை இருக்க, ஏழாவதை வெறும் புள்ளியாக விடுவது அநீதி, எல்லை வரைந்து வண்ணம் தீட்டவும்.

"எல்லை எதுவரைக்கும் சார்?"

"உங்களுக்குத் தெரியாததா?" என்றார் பதிப்பாசிரியர், மரியாதையாகவே.

கை நடுங்கியாவது படம் கெடும் என்று எதிர்பார்த்தார். மோசமாக வரையத் தெரியாத கை அது. ஆற்றங்கரையோரமாக வளைந்து, மலையடியில் ஒதுங்கி, பார்த்தவுடன் நம்பும்படி ஓர் எல்லை விழுந்தது. இதுவரை அவர் வரைந்ததிலேயே அழகானது. ஐந்து மணிக்கு 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.